இசக்கியின் கணக்கில் இன்னொரு கோல்

1

இசக்கி என்னை எட்டிப் பிடித்துவிட்டான் என்று பொன்பாண்டி போனில் சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இங்கே ஒஹாயோவில் காலை, தென்காசியில் சாயங்காலம். வாயில் நுரையோடு என்ன விவரம் என்று கேட்டேன்.

"நேத்து மேட்ச்ல ஒண்ணு விழுந்துட்டு. இப்ப ரெண்டு பேரும் சமம்லே. இன்னும் ஒண்ணு விழுந்தா ஒன்னையத் தாண்டிருவான்."

இசக்கிமுத்து இறந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் மூவரும் குற்றாலம் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் கால்பந்து ஆடினோம். நானும் இசக்கியும் முன்வரிசை, பொன்பாண்டி கோல்கீப்பர். பொன்பாண்டி இப்போது போலீஸ். புளியறை செக்போஸ்ட்டில் கேரளா போகும் லாரிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது அவன் வேலை. இசக்கி கடைசி வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கீழாநெல்லி, பெரியாஸ்பத்திரி எல்லாம் பார்த்தும் பலிக்கவில்லை. போன பிறகும் கோல் போட்டுக்கொண்டிருக்கிறான். இதை விளக்கிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் அமெரிக்கா போனவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பீர்கள்.

எங்கள் கல்லூரி மைதானத்தின் சுவரில் 'தனிநபர் சாதனைகள்' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. மொத்தமாக அதிக கோல் போட்டவர், ஒரே ஆட்டத்தில் அதிகம் போட்டவர், கோலே விடாமல் அதிக ஆட்டம் நின்ற கீப்பர் என்று பெயர்களும் எண்களும் பெயிண்டில் எழுதியிருக்கும். மொத்த கோல்களில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது இசக்கி.

அவனை அடக்கம் செய்த வாரத்தில் ஒரு ஆட்டம் வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டான். சேம்சைடு கோல். எங்களில் யாரும் தொடாத பந்து, யார் பெயரில் எழுதுவது என்று ஸ்கோர் எழுதியவன் கேட்டான். அப்போதிருந்த பி.டி. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இசக்கி பெயரில் எழுது என்றார். எல்லோரும் கைதட்டினோம், நான்தான் பலமாகத் தட்டினேன். அன்றிலிருந்து எதிரணி போடும் சேம்சைடு கோல் எல்லாம் இசக்கி கணக்கில் சேர்கிறது. உலகத்தில் வேறெங்கும் இந்த முறை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வருஷத்துக்கு ஒன்று என்று விழுந்துகொண்டிருந்தது. சில வருஷம் இரண்டு. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

2

என் மகன் நிகில் படிக்கும் யுனிவர்சிட்டியில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. தலையில் ஹெல்மெட் வேறு. நாம் ஆடுவதற்கு இங்கே சாக்கர் என்று பெயர். நான் வீட்டில் ஃபுட்பால் என்று சொன்னால் அவன் ஒவ்வொரு தடவையும் திருத்துவான். இருபது வயதில் அப்பாவைத் திருத்துவதில் ஒரு சுகம் இருக்கும்போலிருக்கிறது.

அவன் ஆடுவதில்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் எடுக்கும் மாணவர் குழுவில் இருக்கிறான். யார் எத்தனை கஜம் ஓடினான், யார் யாரை விழத்தட்டினான் என்று ஒவ்வொரு அசைவும் ஒருவன் கணக்கில் ஏறியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஆடியவனின் கணக்கையும் ஒரு தட்டு தட்டினால் எடுத்துவிடலாம். அபூர்வமாகப் பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் எங்கோ உருளும். குற்றம் யார்மேலும் இல்லை. அந்த நஷ்டத்தை என்ன செய்வாய் என்று கேட்டேன். 'டீம்' என்று ஒரு வரி வைத்திருக்கிறார்களாம், அதில் போடுவார்களாம்.

இசக்கி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மத சம்பந்தமான ஏதாவதா என்றான். இல்லை என்றேன். அப்படியானால் இது டேட்டா எரர், டீம் என்று எழுதியிருக்க வேண்டும் என்றான். பிறகு என் கணக்கைப் பார்க்க லிங்க் கேட்டான். லிங்க் இல்லை, சுவர்தான் இருக்கிறது என்றேன். "ஓகே அப்பா" என்றான். அந்த ஓகேயில் நம்பிக்கை துளியும் இல்லை. எனக்குக் காது சுட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள், வாக்காளர் பட்டியலிலும் இல்லை. அந்த ஊரில் என் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம் அந்தச் சுவர். அதிலும் முதல் வரி. செத்துப்போன சிநேகிதன் அதைத் தாண்டிப் போகப்போகிறான் என்றபோது எனக்கு வந்தது பொறாமை. வேறு நல்ல பெயர் வைக்க நான் முயலவில்லை.

நிகிலைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அவனுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுக்கப் போனால், என் பழைய பாஸ்போர்ட்டில் தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, புதிதாக எடுத்த பிறப்புச் சான்றில் தென்காசியே மாவட்டமாக இருந்தது. எப்போது இடம் மாறினீர்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். நான் மாறவில்லை, மாவட்டத்தைத்தான் பிரித்தார்கள் என்றேன். அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றாள். ஒருவழியாக ஜூலையில் விமானம் ஏறினோம். என் மனைவி கோமதிக்கு மருந்துக்கடையில் லீவு கிடைக்கவில்லை.

3

தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போதே சாரல். எதிரே கடையில், "அண்ணா, ரெண்டு டீ கொடுங்க" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சாருக்கு மெட்ராஸா?" என்றார். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கூட்டிப்போக வந்திருந்த பொன்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். அலுவலகத்தில் சென்னைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், சங்கரன் என்ற என் பெயர் வாயில் நுழையாமல் ஷான் என்று கூப்பிடும் வெள்ளைக்காரர்கள். இத்தனை பேருக்கும் புரியும்படி பேசிப் பேசி என் பேச்சு எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் ஆகிவிட்டது. எங்கள் ஊர் 'லே' போடலாம் என்று வாயெடுத்தால் நாடகத்தில் வசனம் சொல்வதுபோலக் கூச்சமாக இருக்கிறது.

டீ குடிக்கும்போது பொன்பாண்டி மெல்ல விஷயத்துக்கு வந்தான். சேம்சைடு போட்ட பையன்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்களாம்.

"பந்து வரும்போது அவனுவ கீப்பர் சத்தம் கேக்குதாம். 'விடுலே, நான் பாத்துக்கிடுதேன்'னு. இவன் கால எடுப்பான், பந்து எங்கனயாவது பட்டு உள்ள போயிரும். கீப்பர்ட்ட கேட்டா, நான் வாயே தொறக்கலங்கான்."

அது இசக்கியின் வேலை. அவனுக்கு எந்தக் குரலும் வரும். ஆட்டத்தின் முதல் பத்து நிமிஷம் எதிரணிக் கீப்பர் கத்துவதைக் கவனித்துக்கொள்வான். பிறகு தடுப்பாட்டக்காரன் முதுகுக்குப் பின்னால் நின்று, அந்தக் கீப்பரின் குரலிலேயே விடச் சொல்வான். விட்ட பந்தை இவன் எடுத்து அடிப்பான். விதிப்படி தப்பு, ஆனால் எந்த ரெஃப்ரியாலும் பிடிக்க முடிந்ததில்லை. பிரின்சிபால் குரல், பஸ் கண்டக்டர் குரல் எல்லாம் எடுப்பான். நான் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது வகுப்பில் என் குரலில் "பிரசண்ட் சார்" சொல்லிவிடுவான். என் அம்மாவே ஒரு தடவை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது நான்தான் என்று நம்பியிருக்கிறாள்.

இதெல்லாம் வெளியூர் அணிகளுக்கு எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது. சேம்சைடு அதிகம் விழும் மேற்குப் பக்கத்து கோல்போஸ்ட் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்களாம். இப்போது இன்னும் ஒருபடி மேலே போய், இந்த மைதானத்துக்கு வந்தால் வாயே திறக்காமல் ஆடுகிறார்கள், கையைக் காட்டித்தான் பேச்சு என்றான். நிகில் எல்லாவற்றையும் அரைகுறையாகப் புரிந்துகொண்டு, "சூப்பர் க்ரீப்பி" என்று டீயை உறிஞ்சினான்.

கல்லூரியில் இப்போதிருக்கும் பி.டி. ஜெபா மேடம் சின்ன வயசு, கண்டிப்பானவர். கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருகிறதாம். சாதனைகளை எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். இறந்துபோனவர் எப்படி இவ்வளவு கோல் போட்டார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று என்னையே கேட்டார்.

"எழுதுனத அழிக்க மனசு வரல சார். ஆனா இந்த சீசனோட நிறுத்துதோம். இன்னைக்கு சாயங்காலம் நடக்க மேட்ச்தான் கடைசி. அதுக்கப்புறம் சேம்சைடு கோல யார் பேர்லயும் எழுத மாட்டோம்."

அதாவது இன்று ஒரு சேம்சைடு விழாமல் இருந்தால், முதல் வரியில் என் பெயர் எப்போதும் இருக்கும். சமமாக இருந்தாலும் முன்னால் எட்டியவன் பெயர்தான் மேலே. சுவரைப் போய்ப் பார்த்தேன். எஸ். சங்கரன். நிகில் போட்டோ எடுத்தான், என் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். இப்போது நம்பினான் என்று நினைக்கிறேன்.

4

பாளையங்கோட்டை பக்கத்திலிருந்து வந்த அணி. அவர்களுடைய கோச் ஆட்டத்துக்கு முன்னால் பையன்களை வட்டமாக நிறுத்தி, நம்மாள் குரல் எது கேட்டாலும் காதில் வாங்காதே என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆடிய மைதானம் கத்தலால் நிறைந்தது. பாஸ் கேட்டுக் கத்துவோம், கோபத்தில் கத்துவோம், காரணமில்லாமலும் கத்துவோம். அன்று இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள், ஒரு சத்தம் இல்லை. எங்கள் பையன்களும் ஏனோ அடங்கிப்போய் ஆடினார்கள். தண்ணீரில் பந்து அடிபடும் சத்தம், பூட்ஸ் சேற்றை விட்டு வெளியே வரும் சத்தம், அவ்வளவுதான். மலையை மேகம் மூடியிருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் குற்றாலத்து இரைச்சல் லேசாக வந்துபோனது. எனக்கு முதுகில் சில்லென்று இருந்தது, சாரல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி மேற்கு கோலுக்கு மாறியது. அதற்குப் பின்னால் போய் நின்றோம். போஸ்ட்டுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் பொன்பாண்டி, நடுவில் வலைக்குப் பின்னால் போனில் படமெடுத்துக்கொண்டு நிகில். யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் எனக்கு அக்கறையே இல்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். விடாதே, அடித்துத் தள்ளு, தூரத் தள்ளு. சொந்தக் கல்லூரிக்கு எதிராக வேண்டிக்கொண்ட முதல் முன்னாள் மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆட்டம் முடிய இன்னும் சில நிமிஷம். ரெஃப்ரி வாட்சைப் பார்த்துவிட்டார். எங்கள் பையன் ஒருவன் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். மோசமான பந்து, போஸ்ட்டுக்கு வெளியேதான் போகும். எதிரணியின் உயரமான பையன் ஒருவன் எனக்கு நேரே வந்து, வெளியே அடிக்கக் காலை வீசினான்.

"விடுலே. நான் பாத்துக்கிடுதேன்."

அதட்டல் இல்லை. கூடப் பிறந்தவன் சொல்வதுபோல அத்தனை சகஜமாக வந்தது. பையன் காலை இழுத்தான். பந்து அவன் முழங்காலில் பட்டுத் திரும்பி வலைக்குள் போயிற்று.

எனக்கு நன்றாகப் பழகிய குரல்தான், ஆனால் யாருடையது என்று சட்டென்று பிடிபடவில்லை. நம் குரலை நாம் வெளியில் நின்று கேட்பதில்லை அல்லவா. வலைக்குப் பின்னாலிருந்து நிகில் திரும்பி, "அப்பா, வை டிட் யூ ஷௌட்?" என்றான். பொன்பாண்டி அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தான்.

"ஏம்லே கத்துன?"

5

அந்தப் பையன் என்னை நோக்கிக் கையை நீட்டினான். கண்ணில் நீர்.

"இவருதான் சார். எங்க ஆளு குரலுன்னா விட்டிருக்க மாட்டேன். வெளிய நின்ன அண்ணாச்சி சொன்னாவளேன்னு கால எடுத்துட்டேன்."

அவர்களுடைய கோச் கத்திக்கொண்டு வந்தார். வெளி ஆள் உள்ளே புகுந்து கெடுத்தால் கோல் செல்லாது என்றார். ரெஃப்ரி பெரியவர், நிதானமானவர். ஜெபா மேடத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்க சத்தம் கொடுத்தீங்களா சார்? ஆமான்னா கோல் கெடையாது, பந்தைத் திரும்ப ஆரம்பிப்பேன். இல்லேன்னா கோல்தான்."

முடிவை என் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். எல்லோரும் நம்புவார்கள், ஏற்கெனவே நம்பிக்கொண்டுதான் நின்றார்கள். கோல் போகும், கூடவே இசக்கியின் கடைசி வாய்ப்பும் போகும். சுவரில் நான்தான். இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை, சாதனையும் போய்விடும்.

பொய் சொல்லக் கூச்சப்படுகிறவன் அல்ல நான். விசா வாங்கிப் பிழைக்கப் போனவர்களுக்கு அந்தக் கூச்சம் கட்டுப்படியாகாது. ஆமாம் என்று சொல்ல வாயையும் திறந்தேன். அப்போது எனக்குப் பக்கத்தில், காதுக்கு மிகக் கிட்டே, யாரோ என் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கம் சுவர் வரைக்கும் வெறும் புல்தான் என்பது எனக்குத் தெரியும்.

"நான் கத்தல சார்" என்றேன்.

பயம்தான், பெருந்தன்மை எதுவும் இல்லை. ரெஃப்ரி கோல் என்று கையைக் காட்டினார். எதிரணிப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மேஜையில் ஸ்கோர் குறித்த மாணவி அதை இசக்கி பெயரில் எழுதுவதை ஜெபா மேடம் குனிந்து பார்த்தார்.

6

மறுநாள் பெயிண்டர் வந்தார். ஈரச் சுவரில் எழுத்து நிற்காது என்று ஒரு பழைய பேனரை மேலே கட்டிக்கொண்டு, என் பெயரைச் சுரண்டிவிட்டு அங்கே எம். இசக்கிமுத்து என்று எழுதினார். எனக்கு இரண்டாவது வரி. பொன்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஒனக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு நெனைக்கலலே. அவனுக்காக விட்டுக்கொடுத்துட்டியே."

கத்தவில்லை என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்று தலையாட்டினான். விமானத்தில் நிகிலும் அதையே தன் பாணியில் சொன்னான். ஃப்ரெண்டுக்காக சாதனையை விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம், தன் குழுவில் எல்லோருக்கும் சொல்லப்போகிறானாம். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் சாய்ந்ததில்லை. உண்மையைச் சொல்லி அவனை எழுப்ப எனக்கு மனமில்லை.

ஒஹாயோ வந்த முதல் சனிக்கிழமை அவன் எடுத்த வீடியோவை அனுப்பினான். சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துப் போட்டேன். சேற்றுச் சத்தம், சாரல், பந்து வருகிறது. படத்தின் ஓரத்தில் நான் நிற்பது தெரிகிறது. என் வாய் இறுக மூடியிருக்கிறது. அப்போது அந்தக் குரல்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என்னுடைய குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இப்போதிருக்கும் குரல் இல்லை. கல்லூரியில் என்னிடம் இருந்தது, அவன் வகுப்பில் "பிரசண்ட் சார்" சொல்ல எடுத்துக்கொண்டது. அந்த லேயில் எந்தக் கூச்சமும் இல்லை. நானும் அதேபோலச் சொல்லிப் பார்த்தேன். விடுலே. வரவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், யாரோ கற்றுக்கொண்டு சொல்வதுபோல இருந்தது. முதல் வரி போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

கோமதி தென்காசிக்குப் பக்கத்தில் சுரண்டைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகுதான் என் குரலைக் கேட்டவள், அப்போதே நான் சென்னைக்குப் போய்ப் பேச்சை மாற்றிக்கொண்டாயிற்று. அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரு இந்தப் பையன்? நம்ம ஊருப் பேச்சு என்ன அழகா பேசுதான்."

"இசக்கி" என்றேன்.